யானைக்கு வயிறு ஒண்ணுதான்... பாக்கெட்டை எறியாதீங்க!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி. ஒன்று கல்லாறு, குன்னூர் வழி. இன்னொன்று கோத்தகிரி வழி. எதில் போனாலும் சாலையோரம் யானை லத்தி கண்ணில் படும். அடுத்த முறை வண்டிக்குள் இருந்தபடியே கவனியுங்கள். வைக்கோலை உருட்டி வைத்ததுபோல நார் நாராக இருக்கும். மாட்டுச் சாணமோ குழைவாக இருக்கும். இரண்டுமே தழை தின்னும் பிராணிகள்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

காரணம் வயிறு. மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையில் புல் ஊறி, நுண்ணுயிரிகளால் நொதிக்கும். மாடு அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசை போட்டு, நைசாக அரைத்து விழுங்கும்.

யானைக்கு நம்மைப் போலவே ஒரே அறை. அசை போடுகிற வசதி கிடையாது. இரைப்பையில் அமிலத்தோடு கலந்த உணவு சிறுகுடலுக்குப் போகும். சர்க்கரையும் புரதமும் அங்கே உறிஞ்சப்படும். நாரை உடைக்கும் வேலை கடைசியில்தான் நடக்கிறது. பெருங்குடலிலும், அதன் தொடக்கத்தில் உள்ள பெரிய பையிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் செய்கின்றன. குதிரைக்கும் முயலுக்கும் இதே ஏற்பாடுதான். யானைக்குட்டி தாயின் லத்தியைத் தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த நுண்ணுயிரிகள் குட்டிக்குக் கிடைப்பது அப்படித்தான்.

இந்த வழியில் உணவு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால்தான் வளர்ந்த யானைக்குத் தினமும் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். நாளில் 16 மணி நேரம்கூட மேயும்.

ஆக, யானை வயிறு கேட்பது நிறைய நார், கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. கோயில் யானைக்கு ஆசையாக நாம் நீட்டும் சோறும் வெல்லமும் அதற்கு நேர் எதிர். அளவு மீறினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் வேகமாக நொதிக்கும். வாயு சேர்ந்து வயிறு வலிக்கும். நடையும் குறைவு என்றால் எடை வேறு ஏறும். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி பவானி ஆற்றங்கரையில் அறநிலையத்துறை நடத்திய 48 நாள் நலவாழ்வு முகாமில் பசுந்தீவனம், நடைப்பயிற்சி, குளியல் என்று அட்டவணை போட்டதும் இதற்காகத்தான்.

காட்டு யானைக்கு வரும் ஆபத்து வேறு. உப்பும் எண்ணெயும் மணக்கும் சிப்ஸ் பாக்கெட்டை அது கவரோடு விழுங்கிவிடும். யானையின் குடலில் வாழும் நுண்ணுயிரிகளால் பிளாஸ்டிக்கை உடைக்க முடியாது. சிறு துண்டுகள் லத்தியோடு வெளியே வரலாம். பெரிதாகச் சுருண்டுவிட்டால் குடலையே அடைத்துவிடும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் கருவுற்ற யானை ஒன்று இறந்தது. பிரேதப் பரிசோதனையில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன.

இந்த லீவில் மலையேறுகிறீர்களா? காரில் ஒரு குப்பைப் பை போதும். காலி கவர், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாவற்றையும் அதில் போட்டு, ஊர் வந்ததும் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். சாலையோரம் யானை நின்றால் பழம்கூடப் போட வேண்டாமுங்க. அதற்கு வேண்டிய சாப்பாடு காட்டிலேயே இருக்கிறது.