நில வகைப்பாடு மாறும்போது பஞ்சமி நிலம் என்ன ஆகிறது?

நாளிதழ்களின் உள்பக்கங்களில் சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு அவ்வப்போது வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கர். இந்த நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு அல்லது வணிக உபயோகத்துக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் வந்துள்ளது. ஆட்சேபனை இருப்பின் குறித்த நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று அதில் இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே வரும் அந்த நாலு வரியை நம்மில் பலர் படிப்பதில்லை. படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை நகராட்சி, சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழிகிறது. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் பக்தர்கள் பெருகியிருக்கிறார்கள். தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், வீட்டுமனை என்று நிலத்துக்கான தேடல் நகரத்தைத் தாண்டிக் கிராமங்களுக்குள் வந்துவிட்டது. நேற்றுவரை கடலையும் நெல்லும் விளைந்த நிலத்தில் இன்று வண்ணக் கொடியும் எல்லைக் கல்லும் நிற்கின்றன. ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் கிராமசபை போய்விடும். ஊரக வேலைத் திட்டமும் போய்விடும். கூலி வேலையை நம்பியிருக்கும் காலனி மக்களுக்கு இந்த இரண்டுமே பெரிய இழப்பு. மூன்றாவதாக ஓர் இழப்பும் சத்தமில்லாமல் நடக்கக்கூடும். அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

விதியும் விலக்கும்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் இயற்றப்பட்டது. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்து, எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம் என்று வகைப்படுத்த வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். திட்டத்தை இறுதி செய்யும் முன்பு பொதுமக்களின் ஆட்சேபனைக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 26-வது பிரிவு. வகைப்படுத்திய பிறகும் நில உரிமையாளர் மாற்றம் கேட்கலாம். 32-வது பிரிவு அதற்கு வழிவிடுகிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்துக்கு 47-ஏ பிரிவும் 2017-ல் வந்த விதிகளும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மேலே 113-வது பிரிவு இருக்கிறது. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்பதே அதன் பொருள்.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே போதும். விதிமீறிய கட்டடங்களுக்கு விலக்கு அளித்த 62 அரசாணைகளை எதிர்த்து நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்திருந்தது. 113-வது பிரிவு செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், காரணம் காட்டாமல் விலக்கை வாரி வழங்கிய முறையைக் கண்டித்தது. ஆனாலும் விலக்குகள் நிற்கவில்லை. சென்னைப் பெருநகரின் விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 1998-லேயே 113-ஏ பிரிவு வந்திருந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக 113-சி பிரிவு பின்னர் சேர்ந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. இந்தக் கடைசி விதிகளால் சிறுகச் சேர்த்து ஒரு மனை வாங்கிய ஏழைகளும் பயனடைந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மனை வாங்கவே வழியில்லாமல் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் குடிசை போட்டவருக்கு வருவது வரன்முறை விண்ணப்பம் அல்ல, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையடிவாரக் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சிலும், சமதளத்தில் எளியவர்களுக்கு ஏன் இடமில்லாமல் போனது என்ற கேள்வி குறைவாகவே கேட்டது.

யாருக்குக் கேட்கிறது குரல்?

ஆட்சேபனைக்குப் பலன் உண்டு என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2002-ல் அருணாசலேசுவரர் கோயிலை மத்திய தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயற்சி நடந்தது. அப்படி நடந்திருந்தால் கோயிலைச் சுற்றிக் கட்டடம் கட்டக் கடும் தடைகள் வந்திருக்கும். ஊர் எதிர்த்தது, 2004-ல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. 2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் திட்டம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு அதையும் கைவிட்டது. கோபுரத்துக்கு எதிரே நடப்பது எல்லோர் கண்ணிலும் படும். காலனிக்குப் பின்னால் உள்ள நிலத்தில் நடப்பது யார் கண்ணிலும் படாது.

அமெரிக்காவிலும் இப்படி விலக்குக் கோரும் மனுக்களை விசாரிக்க ஊர்தோறும் வாரியங்கள் உண்டு. அங்கே பொதுவாக, பக்கத்து நில உரிமையாளர்களுக்குத் தகவல் அனுப்பி, திறந்த விசாரணை நடத்தி, எழுந்து பேச வாய்ப்பு தருவார்கள். அந்த நாட்டிலும் நில வகைப்பாடு கறைபடிந்ததுதான். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம், வெள்ளையர் மிகுந்த தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று சட்டமே போட்டது. 1917-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பின் பல நகரங்களில் மனையின் குறைந்தபட்ச அளவு, தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற விதி போன்றவை அதே வேலையைச் செய்தன. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று சாதி முன்பே வரைபடம் போட்டுவிட்டது. திட்ட அலுவலகம் அதன் மேல்தான் வண்ணம் தீட்டுகிறது.

பஞ்சமி நிலத்தின் கதி

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 வழியாக, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் திட்டம் வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். சென்னை மாகாணத்தில் இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று பஞ்சமி நில மீட்பு இயக்கங்கள் கூறி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

நில வகைப்பாடு மாற்றக் கேட்பவர் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபடம் ஆகியவற்றைக் கொடுக்கிறார். சாலை எத்தனை அடி, நீர்வழி உண்டா, பக்கத்து நிலம் எந்த வகை என்று பார்க்கிறார்கள். வருவாய், வேளாண் துறைகளிடம் கருத்து கேட்கிறார்கள். 1892-ன் நிபந்தனை இந்தக் காகிதங்களில் வெளிப்படாமல் போக வாய்ப்பு அதிகம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். ஒப்படை நிபந்தனை வராது. 1980-களில் நடந்த, மக்கள் யு.டி.ஆர். என்று அழைக்கும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் ‘டி.சி. நிபந்தனை’ என்ற குறிப்பே புதிய பதிவேட்டில் விடுபட்டது என்பது பஞ்சமி நில இயக்கங்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு.

வகைப்பாடு மாறுவதால் நிலத்தின் உரிமை மாறாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். சட்டப்படி அது சரி. நடைமுறை வேறு. ஒரே கையில் 5 ஏக்கராக இருக்கும்வரை பஞ்சமி நிலத்தை மீட்க ஒருவர் மேல் வழக்குப் போட்டால் போதும். அதே நிலம் 80 மனையாகப் பிரிந்து, கடன் வாங்கி வீடு கட்டிய 80 குடும்பங்களின் கைக்குப் போய்விட்டால், மீட்பு என்ற சொல்லே பக்கத்து ஏழைக்கு எதிரான சொல்லாகிவிடும். ஆக்கிரமித்து விற்றவர் அதற்குள் பணத்தோடு போயிருப்பார். எனவே பஞ்சமி நிலத்தைக் காக்க வேண்டிய கடைசி இடம் வகைப்பாடு மாற்றும் மேசைதான்.

இன்னொன்றும் உண்டு. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை பல ஊர்களில் வழக்கத்தில் இருக்கிறதே தவிர, நில அளவை வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத பாதைக்கு மனைப்பிரிவில் இடம் இருக்காது. சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு, பிணத்தைத் தூக்கிக்கொண்டு நின்றபடிதான் வழி கேட்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. விண்ணப்பத்துக்கு உள்ளான நிலம் பஞ்சமி நிலமா என்று யு.டி.ஆர்.-க்கு முந்தைய பதிவேட்டைப் பார்த்து வட்டாட்சியர் சான்றளிக்க வேண்டும். அது இல்லாமல் எந்த மாற்றமும் கூடாது. அறிவிப்பை நாளிதழோடு நிறுத்தாமல், அந்த நிலத்திலும் பக்கத்துக் காலனியிலும் ஒட்டி, தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். கிராமசபையிலோ, மாநகராட்சிப் பகுதி என்றால் பகுதி சபையிலோ வைத்துக் கருத்து கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படித்த இளைஞர்கள் தங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டு நகலை வாங்குங்கள். பழைய பதிவேட்டை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, குறிப்பு விடுபட்ட சர்வே எண்களைத் தனியே எழுதுங்கள். சுடுகாட்டுப் பாதையையும் பொதுக் கிணற்றையும் பெரியவர்களிடம் கேட்டுக் கையால் வரைபடம் போடுங்கள். அறிவிப்பு வந்தால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஆட்சேபனை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டியலின மக்களின் நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும் பறிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின்படி குற்றம் என்பதை மனுவில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 2021-ல் அமைந்த மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் பட்டியலினத்தவர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. விரியும் நகரத்தில் இவர்களுக்கும் பங்கு வேண்டும். விடுதியில் பாத்திரம் கழுவவும் மண்டபத்தில் குப்பை அள்ளவும் கிடைக்கும் வேலையை அந்தப் பங்கு என்று ஒப்புக்கொள்ள முடியாது. நாளை இதே நாளிதழில் உங்கள் ஊர்ப் பெயரோடு அந்த நாலு வரி வந்தால், சர்வே எண்ணை முதலில் பாருங்கள்.