கலந்தாய்வோடு நின்றுவிடும் அக்கறை

நீட் முடிவு வந்ததும் தொடங்கும் பரபரப்பு, கலந்தாய்வில் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த நாளோடு அடங்கிவிடுகிறது. தெருமுனையில் ஃப்ளெக்ஸ், கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் புகைப்படம், குலதெய்வத்துக்குப் பொங்கல், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் இனிப்பு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி ஊர் சொல்வது ஒன்றுதான்: "இனிமே என்ன கவலை, சீட்டு கெடச்சாச்சு, லைஃப் செட்டில்."

இந்த நம்பிக்கை தவறு என்பதோடு, பிள்ளைகளுக்குக் கேடு செய்வது என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவள், மாணவியர் விடுதிக் காப்பாளராக இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. நாலரை ஆண்டுப் படிப்பு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, ஆக மொத்தம் ஐந்தரை ஆண்டு. அந்த ஐந்தரை ஆண்டும் எப்படிப் போகும் என்று, சீட்டுக்காக நிலத்தை விற்ற அப்பாவுக்கும் தெரியாது. இரண்டு மூன்று முறை நீட் எழுதிக் களைத்த பிள்ளைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த அறியாமையின் பாரம் முழுவதும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

முதல் கோளாறு விண்ணப்பிக்கும்போதே ஆரம்பிக்கிறது. சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் நாட்களில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அப்பாவின் கையில் போன வருஷக் கட்‑ஆஃப் பட்டியல் இருக்கும். எந்தக் கல்லூரி எத்தனை மதிப்பெண்ணில் முடிந்தது என்று மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருப்பார். அதிக மதிப்பெண்ணில் முடிந்தது மேலே, குறைவானதில் முடிந்தது கீழே. கணினியின் முன்னால் இருக்கும் பையன் அதே வரிசையில் ஏற்றிக்கொண்டே போவான். படிக்கப் போகிற பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அந்த மருத்துவமனைக்கு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், பிரசவ வார்டு எப்படி நடக்கிறது, எந்தத் துறையில் பேராசிரியர் இல்லை, விடுதியில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் இடம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கட்‑ஆஃப் என்பது மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்பதை மட்டும் சொல்லும். அவர்களும் அதற்கு முந்தைய ஆண்டின் கட்‑ஆஃபைப் பார்த்து விரும்பியவர்கள்தான்.

மருத்துவப் படிப்பில் பாதிப் பாடத்தை நடத்துவது நோயாளிகள். கல்லீரல் வீங்கியிருப்பதை எந்தப் புத்தகமும் கைக்குச் சொல்லித்தராது. வயிற்றில் கைவைத்து, நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்லி, விரல் நுனியில் அந்த விளிம்பு வந்து இடிப்பதை உணர வேண்டும். அதை நூறு பேரிடம் செய்து பார்த்தவருக்கும் நாலு பேரிடம் செய்து பார்த்தவருக்கும் பட்டம் ஒன்றுதான், கை ஒன்றல்ல. கூட்டம் நிறைந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரவெல்லாம் பிரசவம் பார்க்கும் பயிற்சி மருத்துவர் ஒரு மாதத்தில் கற்பதை, கட்டில்கள் காலியாகக் கிடக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் படிப்பவர் ஒரு வருஷத்திலும் கற்க முடியாது. ஆய்வுக்குழு வரும் நாளுக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைப்பதும், பெயருக்கு மட்டும் ஆசிரியர்களைக் கணக்கில் காட்டுவதும் நாடெங்கும் பழகிப்போன மோசடிகள். மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் புழங்கியதாக 2025‑ல் சிபிஐ வழக்கே பதிந்தது. இதே போன்ற இடங்களில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருபது லட்சத்துக்கு மேலும் கட்டுகிறார்கள். பணம் கட்டுகிறவர் ஒரு காலை நேரத்தில் போய் அந்த ஓ.பி. வாசலில் நின்று பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும்.

அரசுக் கல்லூரி என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களுக்கு அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. அங்கே நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. கற்பிக்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம். 2025‑ல் தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர் பற்றாக்குறையைக் காட்டி விளக்கம் கேட்ட கல்லூரிகளில் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவை இருந்தன. "புதுக் காலேஜ் வேண்டாம்" என்று ஒதுக்குவதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்வதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். இரண்டிலும் யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

இனி உள்ளே. பள்ளியில் எப்போதும் முதலிடம் பிடித்த 150 பேரை ஒரே வகுப்பில் உட்காரவைத்தால், அவர்களில் ஒருவர் 150‑ஆவது இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கும்போது, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே அந்தப் பிள்ளை நினைக்கும். இங்கே ஐம்பது விழுக்காடு எடுத்துத் தேறுவதே கௌரவமான காரியம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபார்மலின் நெடி கைவிரலை விட்டுப் போகாமல் சோறு இறங்காத முதல் வாரங்களைப் பற்றியும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாண்டுப் பாடங்களை நான்கு முயற்சிக்குள் தேறாவிட்டால் படிப்பைத் தொடரவே முடியாது என்ற விதியை, முதல் முறை தவறிய பிறகு விடுதி அறையில்தான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

ஒரு வாய்மொழித் தேர்வு என் நினைவில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பெண். கையில் தொடை எலும்பு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு தசையின் பெயரைச் சொல்லி, அது எங்கே ஒட்டுகிறது, என்ன வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் விரல் சரியாக கிரேட்டர் ட்ரொகான்டர் மேட்டின் வெளிப்பக்கத்தில் போய் நின்றது. வாய் திறக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "தமிழ்லயே சொல்லும்மா" என்றேன். "இங்க ஒட்டுது மேடம். இது வேலை செய்யலேன்னா, அந்தக் கால்ல நிக்கறப்ப எதிர்ப்பக்க இடுப்பு கீழ எறங்கிடும்" என்றாள். அதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. தேர்வாளரும் ஒப்புக்கொண்டு மதிப்பெண் போட்டார். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னதுதான் இன்றும் மனதை அறுக்கிறது: "எனக்குப் புரியுது மேடம், ஆனா வீட்ல சொன்னா, கெடச்ச சீட்டோட அருமை தெரியலேன்னு திட்டுவாங்க."

"செட்டில்" நம்பிக்கை செய்யும் மிகப் பெரிய தீங்கு இது. பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. ஊரே பாராட்டி அனுப்பிவைத்த இடத்திலிருந்து போன் செய்து "எனக்கு முடியலம்மா" என்று எப்படிச் சொல்வது? எத்தனையோ பேருக்குக் கிடைக்காத சீட்டு அது. 2017‑ல் நீட் வந்தபோது, பிளஸ் டூவில் 1200‑க்கு 1176 வாங்கியும் இடம் கிடைக்காமல் போன குழுமூர் அனிதாவை இந்த நாடே அறியும். அந்த இழப்பின் நிழலில், இடம் கிடைத்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வதே பாவம் என்பதுபோல் ஆகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024‑ல் அறிக்கை தந்தது. அதன் இணையவழி ஆய்வில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மருத்துவ மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தார்கள். கடந்த ஓராண்டில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாதுதான். ஆனாலும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். "செட்டில்" ஆனவர்கள் என்று நாம் கைகழுவிய பிள்ளைகள்தான் இவர்கள்.

விடுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996‑ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சட்டத்தால் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் சாதியைக் கேட்பதும், எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று தோண்டுவதும், ஆங்கிலத்தைக் கேலி செய்வதும் எந்தச் சட்டப் பிரிவிலும் எளிதில் அகப்படாமல் இன்றும் நடக்கின்றன. காப்பாளராக இருந்தபோது என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை அடி, உதை பற்றியவை அல்ல, இத்தகையவையே.

ஐந்தரை ஆண்டு முடிந்தால் நிம்மதி என்பதும் பொய். பயிற்சி மருத்துவர் ஆண்டில் வார்டில் இருக்க வேண்டிய பிள்ளைகள் முதுநிலை நீட்டுக்கான கேள்விகளை செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை எழுதுபவர்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். அரசுப் பணி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு. 2023‑ல் 1,021 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு நடந்த தேர்வை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் எழுதினார்கள். மாதச் சம்பளத்துக்குத் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே படிக்கும் எம்பிபிஎஸ்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தேறுபவர்களைவிடத் தவறுபவர்களே பல மடங்கு அதிகம். அவர்களை அனுப்பிவைத்த ஏஜென்ட் அப்போது போனை எடுப்பதில்லை.

"முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குடும்பத்துக்குச் சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, அதில் போய்க் குறை சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2020‑ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகு, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க வருகிறார்கள். கட்டணத்தை அரசே ஏற்கிறது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த ஆகப் பெரிய நல்ல மாற்றம் அது. அதனால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு உள்ளே நடப்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். எந்தப் பேராசிரியர் நன்றாக நடத்துவார், எந்தப் பாடத்தை எப்போது தொடங்க வேண்டும், இன்டர்னலில் தவறினால் பயப்பட வேண்டாம் என்றெல்லாம் அம்மாவோ சித்தப்பாவோ சொல்லித் தந்துவிடுவார்கள். கல் உடைப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. "சீட் கிடைத்தால் போதும்" என்று சொல்லி அனுப்பும்போது நாம் கைவிடுவது அவளைத்தான்.

ஆகவே பெற்றோர்களே, சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்காவது நேரில் போங்கள். முதல்வர் அறைக்குப் போக வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. வரிசையைப் பாருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். விடுதி, சாப்பாடு, வகுப்பு நடக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வார்கள். கேட்க ஆள் வந்ததே என்று மகிழ்வார்கள். சேர்ந்த பிறகு போனில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், தூங்கினாயா என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறுவது தெரிந்தால் 104, 14416 ஆகிய எண்களில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்; அதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கலந்தாய்வுத் தகவல் தொகுப்பில் கட்டணம் இருக்கிறது, இட எண்ணிக்கை இருக்கிறது, விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. படிக்கப் போகும் இடத்தைப் பற்றி ஏதும் இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு நேரே அதன் புறநோயாளிகளின் சராசரி எண்ணிக்கை, மாதப் பிரசவங்கள், துறைவாரியாகக் காலியாக உள்ள ஆசிரியர் இடங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் முதலாண்டுத் தேர்ச்சி விகிதம், விடுதி இடங்கள், பயிற்சி மருத்துவர்களுக்கு உண்மையில் வழங்கப்பட்ட உதவித்தொகை, மாணவர்களுக்கென்று மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்பது, இவையெல்லாம் அச்சிடப்பட வேண்டும். தேர்ச்சிக் கணக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவு ஆணையத்திடம் இருக்கிறது. நோயாளிகளின் கணக்கு அந்தந்த மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த சேர்க்கைக்குள் இவற்றைத் தொகுத்து வெளியிட மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கு ஓர் அரசாணை போதும்.