விமானத்துல பவர் பேங்க்: எது ஓகே, எது கூடாது? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், சென்னையிலிருந்து துபாய்... எந்த விமானம் ஏறினாலும் பையில் ஒரு பவர் பேங்க் இருக்கும். டிக்கெட், விசா நகல், வேலைக்கு வந்து கூட்டிப்போகிறவரின் நம்பர் எல்லாமே போனுக்குள்தான். இறங்கும்போது போன் ஆஃப் ஆனால் கை ஒடிந்த மாதிரிதான். ஆனால் அந்த பவர் பேங்க்கையே செக்கிங்கில் வாங்கி வைத்துக்கொண்டால்? அல்லது நடுவானில் அது புகையத் தொடங்கினால்?

2025-லிருந்து விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விதிகளை இறுக்கி வருகின்றன. ஏன் இந்த திடீர் கெடுபிடி? நாம் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

திருப்பம் எங்கே தொடங்கியது?

2025 ஜனவரி 28. தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்றது ஏர் பூசான் விமானம். தலைக்கு மேலே பைகள் வைக்கும் இடத்தில் தீ பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினார்கள். விமானத்தின் மேற்கூரை எரிந்து போனது. பவர் பேங்க்கின் உள்ளே மின்காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

அதன் பிறகு மார்ச் 1 முதல், பவர் பேங்க்கை மேலே வைக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்று தென்கொரியா உத்தரவிட்டது. ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்பாட்டுக்குத் தடை போட்டன. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒரே ஒரு பவர் பேங்க்தான், அதுவும் 100 வாட் ஹவருக்குள். கையில் வைத்திருக்கலாம், பயன்படுத்த முடியாது.

நம்ம ஊரிலும் நடந்தது. 2025 அக்டோபர் 19-ல் டெல்லியிலிருந்து திமாப்பூர் கிளம்பிய இண்டிகோ விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, சீட்டின் பின்பக்கப் பையில் இருந்த பவர் பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததால் நொடியில் தெரிந்தது. அதுவே மேலே, நாலு பைகளுக்கு அடியில் இருந்திருந்தால்?

ஏன் இப்படி எரிகிறது?

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. கீழே விழுந்து நசுங்கினாலோ, தயாரிப்பிலேயே குறை இருந்தாலோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அந்த சூடு பக்கத்து செல்லையும் சூடாக்கும், அது அடுத்ததை. ஒன்று பற்றினால் தொடர்ந்து பற்றிக்கொண்டே போகும். சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் பேட்டரி சூடாகும் என்பதால்தான் 'கொண்டு வரலாம், பயன்படுத்தாதீர்கள்' என்கிறார்கள்.

செக்-இன் பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். சரக்குப் பகுதியில் புகைந்தால் யாரும் கிட்டப் போய் அணைக்க முடியாது.

எம்ஏஹெச் தெரியும்... வாட் ஹவர்னா என்ன?

கடையில் நாம் கேட்பது 10,000 எம்ஏஹெச், 20,000 எம்ஏஹெச். ஏர்போர்ட்டில் பார்ப்பது வாட் ஹவர். கணக்கு ரொம்ப சிம்பிள். எம்ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் போதும்.

* 10,000 எம்ஏஹெச் = 37 வாட் ஹவர்
* 20,000 எம்ஏஹெச் = 74 வாட் ஹவர்
* 27,000 எம்ஏஹெச் = 99.9 வாட் ஹவர்
* 30,000 எம்ஏஹெச் = 111 வாட் ஹவர்

100 வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 160-க்கு மேல் அனுமதியே இல்லை. இந்த எண் பவர் பேங்க் மேலேயே அச்சாகி இருக்க வேண்டும். தேய்ந்து போயிருந்தால், சின்ன பவர் பேங்க்காக இருந்தாலும் செக்கிங்கில் வாக்குவாதம்தான்.

10,000-ல் போன் எத்தனை தடவை ஏறும்?

5,000 எம்ஏஹெச் போன் என்றால் ரெண்டு தடவை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மின்னழுத்தத்தை மாற்றும்போதும் சூடாகவும் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். கையில் கிடைப்பது ஒரு முழு சார்ஜும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். 20,000 என்றால் ஏறக்குறைய இரண்டரை தடவை.

ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு 10,000 போதும். குடும்பத்தோடு போகிறீர்கள், நீண்ட ரயில் பயணம் என்றால் 20,000. ரயிலில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்து வைக்கும் நடைமுறை இருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

போலியை எப்படி கண்டுபிடிப்பது?

தூக்கிப் பாருங்க! எடை பொய் சொல்லாது. நிஜமான 50,000 எம்ஏஹெச் என்றால் உள்ளே இருக்கும் செல்கள் மட்டுமே முக்கால் கிலோ அளவுக்கு வரும். உள்ளங்கையில் அடங்கி, கால் கிலோ எடையில் '50,000' என்று போட்டிருந்தால் அது ஏமாற்று. நிஜமாகவே 50,000 என்றால் அது 185 வாட் ஹவர், விமானத்தில் ஏற்றவே முடியாது. இரண்டு வகையிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இந்தியாவில் பவர் பேங்க்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். அதன் மேல் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு, காட்டும் நிறுவனமும் பொருளும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பெரிய பிராண்டு என்றால் கவலையே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் சீனாவின் ரோமோஸும் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் மாடல் எண்ணைச் சொல்லி 'நிறுத்துங்கள்' என்று அறிவிக்கிறார்கள். பெயரில்லாத பெட்டியில் குறை இருந்தால் நமக்குச் சொல்ல ஆளே இல்லை. பில்லையும் மாடல் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

* உப்பியிருக்கிறதா, சும்மா இருக்கும்போதே சூடாகிறதா? எடுத்துப் போகாதீர்கள். குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.
* கைப்பையில் மட்டும் வையுங்கள். சாவி, சில்லறையோடு சேர்த்துப் போட வேண்டாம்.
* விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டு விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால் இரண்டின் விதியையும் பாருங்கள்.
* சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை அசைத்து எடுக்க முயற்சிக்காதீர்கள். நசுங்கினால் ஆபத்து. ஊழியரைக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு முதல்முறை கிளம்பும் தம்பிக்கோ, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கோ பவர் பேங்க் வாங்கித் தருகிறீர்களா? 20,000-க்குள், வாட் ஹவர் தெளிவாக அச்சிட்ட ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். கையோடு, 'பெட்டியில போடாதீங்க, ஃபிளைட்டுல யூஸ் பண்ணாதீங்க'ன்னு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்க. போனை வீட்டிலேயே ஃபுல் சார்ஜ் போட்டு அனுப்பினால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.