ஏரியில் பயின்றவர்களும் கரையில் நிற்கும் நாமும்



2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பாய்மரப் படகோட்டத்தில் இந்தியா மூன்று பதக்கங்கள் பெற்றது. ஒருவர் செலுத்தும் சிறுபடகுப் பிரிவுகளில் நேஹா தாக்கூர் வெள்ளியும் விஷ்ணு சரவணன் வெண்கலமும் வென்றனர். பாய்ப்பலகையில் இபாத் அலிக்கு வெண்கலம். இவர்களுள் நேஹாவும் இபாத் அலியும் பயின்றது போபாலில், ஏரி நீரில். மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே இல்லை!

நாமோ காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என மரக்கலத்தால் வாழ்ந்த ஊர்களின் வழிவந்தோர். இன்று நம் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்பது மாலை நேரத்துச் சுண்டலோடு முடிந்துவிடுகிறது. கடல் ஆபத்தானது என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆயினும் இவ்விளையாட்டில் மிதவைச் சட்டையும் உண்டு. உடன்வரும் மீட்புப் படகும் உண்டு.

ஓர் உஸ்தாதாக என்னைப் பெரிதும் கவர்ந்தது இதன் ஒரு விதி. மற்றொரு படகுக்கு வழிவிடத் தவறியவர், தாமே விலகிப் படகை இருமுறை சுற்றித் தண்டனையை நிறைவேற்ற வேண்டும். குறிமிதவையில் உரசினால் ஒருமுறை. பெரும்பாலும் அங்கே ஊதல் ஊத நடுவர் இருப்பதில்லை. மதரஸாவில் அமானிதம் பற்றி நான் மணிக்கணக்கில் விளக்குவதை அந்த ஒரு சுற்று விளக்கிவிடும்.

ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்திய முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன், ஒரு கோடைக்கால முகாமில்தான் தொடங்கினார். நம் ஜமாஅத்துகள் வரும் விடுமுறையில் பத்துப் பிள்ளைகளையேனும் அத்தகைய முகாமுக்கு அனுப்பட்டும். இயலாதோரின் கட்டணத்தைச் சங்கங்கள் ஏற்கட்டும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு முதலில் நீச்சல்.