கூட்டெழுத்தும் பிள்ளையின் கையும்

எமது பிள்ளைகள் தரம் 3 முதல் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கின்றனர். தனித்தனி எழுத்துகள் ஓரளவு பழகியதும், அவற்றைச் சேர்த்துக் கூட்டெழுத்தாக எழுதும்படி சொல்லப்படுகிறது. அங்கேதான் பல பிள்ளைகள் தடுமாறுகின்றனர். கொப்பி அழுக்காகிறது, ஏச்சு விழுகிறது. “இவனுக்குப் படிப்பு ஏறாது, வயலுக்காவது வரட்டும்” என்று சில வீடுகளில் முடிவும் கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்பதே எமது கருத்து.

தமிழில் ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்பது. ஓர் எழுத்தை முடித்து, கையைத் தூக்கி, அடுத்ததைத் தொடங்கவே பிள்ளை பழகியிருக்கிறது. கூட்டெழுத்தோ கையைத் தூக்காமல் ஓடச் சொல்கிறது. ஆகவே இத்தடுமாற்றம் பெரும்பாலும் கைப் பழக்கத்தைச் சார்ந்தது. அறிவுக் குறைவு அன்று.

1990இலும், மீண்டும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து, கூடாரத்திலும் மரநிழலிலும் படித்த பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராக இருக்கின்றனர். “எங்களுக்கே ஆங்கிலம் எழுத வராது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?” என்று அவர்கள் கேட்கின்றனர். ஆங்கிலம் தெரியாமலே செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலில் பிள்ளை இருக்கும் விதத்தைப் பாருங்கள். பாதம் நிலத்தில் பதிய வேண்டும். கதிரை உயரமானால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். வலக்கைப் பிள்ளைக்குக் கொப்பியின் மேற்பக்கம் சற்று இடப்புறமாகவும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்புறமாகவும் சாய்ந்திருக்கட்டும். இடக்கையை மாற்ற முயல வேண்டாம். பென்சிலை இறுக்கிப் பிடித்தால் கை விரைவில் களைத்துவிடும்.

வாவிக்கரை மணல் செலவில்லாத கொப்பி. அதில் விரலால் பெரிதாக எழுதட்டும். அலையலையாக வளைவுகள் இழுக்கட்டும். சீ எழுதும் வளைவிலேயே ஏ, டீ, ஜீ, ஓ ஆகிய சிறிய எழுத்துகளும் தொடங்குகின்றன. ஒன்று கைவந்தால் மற்றவை இலகு. ஓ, வீ, டபிள்யூ ஆகியவை அடுத்த எழுத்தோடு மேற்பக்கமாகவே இணைவதால் கடினமானவை. அவற்றைப் பின்னுக்கு விடலாம். முதலில் இரண்டு எழுத்தைச் சேர்க்கட்டும், பிறகு மூன்று. நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால் கண்ணைச் சோதிப்பியுங்கள். எழுத்தோடு வாசிப்பும் பின்தங்கினால் ஆசிரியரோடு பேசுங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கூட்டெழுத்தின் நோக்கம் விரைவாக எழுதுவது; அலங்காரமன்று. தனித்தனியாக, தெளிவாக எழுதும் பிள்ளையின் விடை சரியென்றால் அதைச் சரியென்றே ஏற்றுக்கொள்ளுங்கள். பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. கையெழுத்துக்காகக் கையில் அடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

விதைத்த மறுநாளே மண்ணைக் கிண்டிப் பார்க்கும் விவசாயி எம்மிடையே இல்லை. வயலுக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பிள்ளையின் கைக்கும் காட்டுவோம்.