அழிப்பதற்கு முன்னால்...

லேப்டாப்பை இயக்கும் ‘விண்டோஸ் 10’க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை, மைக்ரோசாப்ட் கம்பெனி 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி நிறுத்தி விட்டது.

புதிய ‘விண்டோஸ் 11’ எல்லாப் பழைய லேப்டாப்களிலும் ஏறாது. அதற்கு ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். ஆகவே பலர், உள்ளே இருப்பதை அடியோடு அழித்து விட்டு, இலவசமாகக் கிடைக்கும் ‘லினக்ஸ்’ போடுகிறார்கள்.

போடட்டும், தவறு இல்லை. ஆனால், புதியது ஒத்து வராவிட்டால்? பழையதுக்குத் திரும்ப வழி வேண்டாமா?

முன்பெல்லாம் கம்ப்யூட்டருடன் ‘சி.டி.’ ஒன்றும் கொடுப்பார்கள். பிறகு கம்பெனிகள் அதை நிறுத்தி விட்டு, லேப்டாப்பின் டிஸ்க்கிலேயே ஒரு மறைவான பகுதியில் மூலப் பிரதியை வைத்தன. டிஸ்க் முழுவதையும் அழித்தால் அதுவும் போய் விடும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

என்ன செய்ய வேண்டும்?

32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் செருகுங்கள். அதில் ஏற்கனவே இருப்பது அழிந்து விடும், ஜாக்கிரதை! விண்டோசில் ‘ரெகவரி டிரைவ்’ என்று தேடித் திறந்து, சிஸ்டம் பைல்களையும் சேர்க்கும் கட்டத்தில் குறி போடுங்கள். அந்தப் பென் டிரைவில் இருந்து லேப்டாப் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே அழியுங்கள்.

போட்டோக்கள் இதில் வரா. அவற்றைத் தனியே நகல் எடுங்கள். விண்டோசை மறுபடியும் வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?