புதுசு கெட்டால் பழசா?

குடும்பஸ்தர் ஒருவர் இருபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புத்தம் புதிய செல்போன் வாங்குகிறார். பெட்டியைப் பிரித்த வாசனைகூடப் போகவில்லை. பதினைந்தாம் நாள், மறுமுனையில் இருப்பவருக்கு இவர் குரலே கேட்காமல் போய்விடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடக்கிறார். பத்து நாள் அலைச்சலுக்குப் பின், படமோ பெயரோ இல்லாத ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியை நீட்டுகிறார்கள். "மாற்றிக் கொடுத்துவிட்டோம் சார், கையெழுத்துப் போடுங்கள்."

உள்ளே இருப்பது பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் புதியதல்ல. வேறு எவரோ கெட்டுப்போயிற்றென்று திருப்பிக் கொடுத்ததைப் பிரித்து, பழுதான பாகத்தை மாற்றி, சோதித்து, துடைத்து அனுப்பிய சாமான். 'ரீஃபர்பிஷ்டு' என்று அதற்கு ஒரு நாகரிகப் பெயர். பச்சையாகச் சொன்னால், ஈயம் பூசிய பாத்திரம்.

ஈயம் பூசிய பாத்திரம் என்றால் கேவலமா என்ன? தலைமுறை தலைமுறையாகப் பித்தளைக்கு ஈயம் பூசிச் சமைத்துச் சாப்பிட்ட நாடுதான் இது. ஆனால் அன்று எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தார்களோ அந்தப் பாத்திரமே வீடு திரும்பியது. வால்வு ரேடியோ பாடாமல் நின்றால், மெக்கானிக் வால்வை மாற்றி அதே ரேடியோவைக் கொடுத்தார். இன்று நடப்பது அதுவல்ல. தன் பொருள் போய், ஊர் பேர் தெரியாத ஒருவருடைய பொருள் வருகிறது. அது தண்ணீரில் விழுந்து எழுந்ததா, மாடிப்படியில் உருண்டதா, யார் கண்டது? (தன் பழைய செல்போனில் இருந்த படங்களையும் கணக்கு வழக்குகளையும் அழிக்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் கதை தனி.)

கம்பெனிக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரே ஒரு பாகம் கெட்டதற்காக முழுச் சாமானையும் குப்பையில் எறிவது பாவம். லித்தியமும் கோபால்ட்டும் பூமியைத் தோண்டி எடுப்பவை. ஒரு செல்போன் தன் ஆயுளில் காற்றில் சேர்க்கும் கரியின் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. பழுது நீக்கிய சாமானை ஒழுங்காகச் சோதித்திருந்தால், அது புதியதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க் வாங்கி, உத்தரவாதத்தில் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது பழகிய சங்கதி. பழுது நீக்கியது என்று லேபிளிலேயே அச்சிட்டு வருவதுண்டு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆகவே, குற்றம் பழசில் இல்லை. சொல்லாமல் கொடுப்பதிலும், பதினைந்து நாளில் கெட்டதற்கும் பதினோராம் மாதம் கெட்டதற்கும் ஒரே மருந்து கொடுப்பதிலுந்தான் இருக்கிறது.

கோர்ட்டுகள் சொன்னது

இந்த வழக்கு பல தேசங்களில் கோர்ட் ஏறியிருக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் விஷயத்தில் டென்மார்க் நீதிமன்றம் ஒன்று 2016 டிசம்பரில் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது. 2017இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், ஐபேட் ஒன்றைப் பற்றிய வழக்கில், புதியதாக வாங்கியவருக்குப் புதியதைத்தான் மாற்றித் தரவேண்டும் என்றது. பழுது நீக்கியதையே வாங்கியவருக்கு அப்படிப்பட்டதையே கொடுக்கலாம் என்றும் சொன்னது. கொடுத்த காசுக்கு ஏற்ற மாற்று! பாமரனுக்கும் விளங்கும் கணக்கு.

ஆஸ்திரேலியாவில் 2018இல் வேறொரு விவகாரத்தில் அதே கம்பெனிக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அதையொட்டி, பெரும் பழுதுக்கு மாற்றுக் கேட்பவர் புதியதே வேண்டுமென்றால் புதியதே தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 2016இல் தொடுத்த கூட்டு வழக்கு, தவறு செய்யவில்லை என்று கம்பெனி சொன்னபடியே, 9.5 கோடி டாலர் கொடுக்கும் உடன்பாட்டில் முடிந்தது.

இந்தியச் சட்டம் இவற்றுக்கு இளைத்ததல்ல. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள பொருளுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த, குறையில்லாத 'புதிய' பொருளைக் கொடுக்கும்படி உத்தரவிட மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 1986ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இதே சொல் இருந்தது. புதுப்பித்ததையோ பழையதையோ புதியது என்று சொல்லிக் கொடுப்பது முறையற்ற வர்த்தகம் என்றும் சட்டம் பெயர் வைத்திருக்கிறது.

அப்படியானால் வெள்ளைப் பெட்டி எப்படி வருகிறது? ஆணையத்துக்குப் போவதற்கு முன்பே, கவுண்டரிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. பொடி எழுத்தில் அச்சிட்ட உத்தரவாதச் சீட்டில், 'உபயோகித்த பாகங்கள் கொண்ட மாற்றும் தரப்படலாம்' என்ற வாசகம் எங்கோ ஒளிந்திருக்கும். மாற்றி வந்த பொருளுக்கு உத்தரவாதம் மறுபடி ஒரு வருஷம் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் ஏமாறுவார்கள். மிச்சமிருக்கும் காலம், அல்லது 90 நாள் போன்ற ஒரு கெடு, இரண்டில் எது அதிகமோ அது என்பதே பல கம்பெனிகளின் வழக்கம்.

எப்போது வாங்கலாம்?

வாங்கிய சில வாரங்களிலேயே கெட்ட பொருளுக்குப் பழுது நீக்கியதை ஏற்கவே கூடாது. அந்தப் பொருள் கடையிலிருந்து வரும்போதே ஊனத்தோடு வந்தது. முழு விலை கொடுத்தவருக்கு முழுப் பொருள் இன்னும் கிடைக்கவில்லை. அவர் புதியதைக் கேட்கவேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கேட்கவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டால் போதும்.

பத்துப் பதினோரு மாதம் நன்றாக உழைத்த பின் கெட்டதென்றால் கதை வேறு. அப்போது புத்தம் புதியதே வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பது அவ்வளவு அழகல்ல. பேட்டரி புதியதா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுத்துவரலாம்.

எழுத்தில் வாங்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. செல்போன் மாறினால் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் மாறிவிடும். பழைய ரசீதில் இருப்பது போன பொருளின் எண். நாளைக்குத் திருட்டுப் போனால், போலீசில் காட்ட வேண்டிய ரசீதும் தொலைந்த பொருளும் பொருந்தாது. சர்வீஸ் சென்டர் சீட்டில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி முத்திரை வைத்துத் தரும்படி கேட்டால், இரண்டு நிமிஷ வேலை. கேட்காதவருக்கு எவரும் எழுதித் தருவதில்லை.